பாப்பா தரப்பு: செல்லூர் வீட்டுக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எனக்கு ஒன்பது மாதம் முடிந்து பத்து நடக்கிறது. பிறந்தது மதுரை பெரியாஸ்பத்திரியில். முதல் மூன்று மாதம் மேலூர்ப் பக்கம் அம்மாச்சி வீடு, அதற்கப்புறம் செல்லூரில் அப்பத்தா வீடு. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டு என்னிடம்தான் கேட்கிறார்கள். பதில் சொல்வது மட்டும் வேறு யாரோ. அம்மா ஒன்று சொன்னால் அப்பத்தா இன்னொன்று சொல்கிறாள். பேச்சு வரட்டும், அதுவரை பொறுக்கலாம் என்றுதான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் ஏழு பேர் "காது எப்போ குத்துறீங்க" என்று கேட்டுவிட்டார்கள். இனிப் பொறுப்பதற்கில்லை.

பாப்பா பேரு என்ன?

மூன்று இருக்கிறது. முப்பதாம் நாள் காதில் மூன்று தடவை சொன்ன குலசாமி பேர் ஒன்று. சான்றிதழில் ஏறிய பேர் ஒன்று. கூப்பிடுகிற பேர் ஆளுக்கு ஆள் மாறும்: அம்மாச்சிக்கு நான் ராசாத்தி, அப்பத்தாவுக்குச் சின்னக் கழுதை, அப்பாவுக்கு மேடம்.

சான்றிதழ்ப் பேர் முடிவாக எட்டு மாதம் ஆனது. இங்கிலீஷில் எழுதும்போது 'ஏ' ஒன்று போடுவதா இரண்டு போடுவதா என்று அப்பாவுக்கும் அத்தைக்கும் எண் கணிதச் சண்டை. அவசரமும் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் போதும், பேர் அன்றைக்கே வேண்டும் என்றில்லை. பேர் இல்லாமலே பதிந்து, ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் 15 வருடம் வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். இந்த விவரம் தெரிந்ததால்தான் சண்டை எட்டு மாதம் நீடித்தது என்பது என் கணிப்பு.

சேனை தொட்டது யாரு?

வெளியூர்க்காரர்களுக்காக: பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் சீனித் தண்ணியோ தேனோ தொட்டு வைப்பது சேனை. யார் தொடுகிறாரோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். பின்னால் பிள்ளை ஏதாவது சேட்டை செய்தால் "இதுக்கு யாரு சேனை தொட்டது" என்று விசாரிப்பதற்கு ஒரு ஆள் வேண்டும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

எனக்குத் தொட வந்தவர் பெரிய மாமா. எவர்சில்வர் கிண்ணத்தில் சீனித் தண்ணியோடு வார்டுக்குள் வந்தார். நர்சம்மா ஒரு பார்வை பார்த்தார். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், அதைத் தவிர வாயில் எதுவும் போகக் கூடாது, தேன் என்றால் ஒரு வயது வரைக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைப் பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சாகிவிடுமாம். மாமா கிண்ணத்தைப் பார்த்தார், அம்மாச்சியைப் பார்த்தார். கடைசியில் அம்மாச்சிதான் வழி கண்டுபிடித்தாள். அந்தச் சீனித் தண்ணியில் ஒரு சொட்டை எடுத்து மாமா என் உள்ளங்காலில் தடவினார். சடங்கும் நடந்தது, வயிறும் தப்பியது. மாமாவின் குணம் காலில் ஏறியிருக்கிறது. அவர் ஓர் இடத்தில் நிற்கமாட்டார், நானும் அப்படித்தான்.

அன்றைக்கே எனக்கு ஒரு சட்டம் பிடிபட்டுவிட்டது. உடம்புக்கு வெளியே என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், நான் தடுக்கமாட்டேன். உள்ளே போகிறதென்றால் நர்சம்மாவைக் கேளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் பதில்.

மாலை சுத்திப் பிறந்த பிள்ளையாமே? மாமனுக்கு ஆகாதே?

கொடி கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது, உண்மை. நாலைந்து பிள்ளைகளில் ஒன்றுக்கு அப்படி இருக்கும். வெளியே வந்ததும் எடுத்துவிட்டார்கள், பெரும்பாலும் அவ்வளவுதான் விஷயம். ஆனாலும் மாமா என் முகத்தை நேரே பார்க்கவில்லை. ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, அதில் விழுந்த என் நிழலைத்தான் முதலில் பார்த்தார். எண்ணெய் கிண்ணத்திலேயே இருந்ததால் எனக்கு ஆட்சேபணை இல்லை. மாமா நன்றாக இருக்கிறார். போன மாதம்கூட வண்டி மாற்றினார்.

ஏன் இப்படி அழுகுது?

இதற்குக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ஒன்று. பிறந்த சில வாரத்துக்கு எங்களுக்குக் கண்ணீர் வராது, சத்தம் மட்டும்தான். கண்ணீரைக் காணோம் என்பதற்காகச் சின்ன மாமா "நடிக்கிறா" என்றார். அந்த வயதில் நடிக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் அழுகிறேன்?

அம்மாச்சி வீட்டில் மூன்றாவது வாரம் தொடங்கியது. சாயங்காலம் ஆறு மணிக்கு, கோயில் ஸ்பீக்கர் போடும்போது ஆரம்பிப்பேன். ஒன்பது மணிக்கு நிறுத்துவேன். பால் குடித்திருப்பேன், துணி காய்ந்திருக்கும், காய்ச்சல் கிடையாது. ஆனாலும் கால் இரண்டையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு முகம் சிவக்க அழுகை. வீட்டில் பஞ்சாயத்துக் கூடியது. வயிற்றுப் பொருமல் என்றாள் அம்மாச்சி. உரம் விழுந்திருக்கு, அதாவது எங்கோ சுளுக்கியிருக்கு என்றார் பக்கத்து வீட்டு அத்தை. தோசம், வெளியே போய்விட்டுக் கால் கழுவாமல் யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள் என்றார் தாத்தா. அப்பா போனில் "டாக்டரைக் கேட்டியா" என்று மட்டும் கேட்டார். தினமும் கேட்டார்.

ஆளுக்கொரு வைத்தியம் நடந்தது. வெற்றிலையை விளக்கில் வாட்டி, சூடு ஆறிய பிறகு தொப்புளைச் சுற்றி வைத்தாள் அம்மாச்சி. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள், நெடியில் எல்லோரும் இருமினார்கள். உரம் எடுக்கிறேன் என்று பக்கத்து வீட்டு அத்தை பழைய சேலையை விரித்தபோதுதான் அம்மா என்னைப் பிடுங்கிக்கொண்டாள். பிள்ளையைச் சேலையில் போட்டு ஆளுக்கொரு முனையைப் பிடித்து இப்படியும் அப்படியும் உருட்டுவதுதான் உரம் எடுப்பது. எங்கள் கழுத்து வாழைத்தண்டு மாதிரி, தலையோ பாரம். வேகமாகக் குலுக்கினால் மூளைக்குள் ரத்தக் கசிவு வரலாம். அழுகிறது என்பதற்காக எந்தப் பிள்ளையையும் குலுக்கக் கூடாது. அழுகை தாங்க முடியவில்லை என்றால் பாயில் மல்லாக்கப் படுக்கப் போட்டுவிட்டுத் திண்ணையில் போய் இரண்டு நிமிடம் உட்கார்ந்து வாருங்கள். நான் எங்கேயும் போய்விடமாட்டேன்.

ஆறாவது வாரம் உச்சத்துக்குப் போனது. மூன்றாம் மாதம் முடிவதற்குள் தானாக நின்றுவிட்டது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்தச் சாயங்கால அழுகை அப்படித்தான், ஆறு வாரத்தில் ஏறி மூன்று நான்கு மாதத்தில் இறங்கிவிடும். ஆனால் அம்மாச்சி இன்றைக்கும் வெற்றிலை என்கிறாள், தாத்தா கால் கழுவியதுதான் என்கிறார். அப்பா கணக்கில் அது அவர் போனில் கேட்டதால் நின்றது.

சில அழுகை அப்படி இல்லை, அதற்குப் பஞ்சாயத்துக் கூட்டக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டாலும், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும், மூச்சு வாங்கினாலும், உச்சிக்குழி உள்ளே ஒடுங்கியோ வெளியே புடைத்தோ இருந்தாலும் வண்டியை எடுங்கள். வண்டி இல்லை என்றால் 108.

பால் பத்துதா? கொஞ்சம் தண்ணி குடுக்கலாம்ல, மதுரை வெயிலுக்கு?

பத்துகிறதா என்று அம்மாவின் உடம்பைப் பார்த்துச் சொல்கிறவர்கள் அதிகம். பார்க்க வேண்டியது என் துணியை. ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் மூத்திரம் போகிறேனா, எடை ஏறுகிறதா, அவ்வளவுதான். முதல் இரண்டு நாள் போகும் கறுத்த காட்டுப்பீயைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், அது வயிற்றுக்குள்ளேயே இருந்த சரக்கு. அதற்கப்புறம் மஞ்சளாகிவிடும். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை ஒரே நாளில் எட்டுத் தடவையும் போகும், சில சமயம் நாலு நாள் போகாமலும் இருக்கும்.

தண்ணி கதைக்கு வருவோம். நான் அம்மாச்சி வீட்டில் இருந்தது சித்திரை, வைகாசி. கதவு கைப்பிடியைத் தொட்டால் சுடும். தெருவில் போன ஒவ்வொருவரும் "நாக்கு வறளுது பாரு, ஒரு சங்கு தண்ணி குடு" என்றார்கள். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணிதான். தாகம் எடுத்தால் அடிக்கடி குடித்துக்கொள்வேன். தண்ணியை ஊற்றினால் வயிறு நிறைந்துவிடும், பால் குறையும், தண்ணி சரியில்லை என்றால் பேதியும் வரும். ஆறு மாதம் வரை ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. அம்மாவுக்குக் கொடுங்கள், அவள்தான் சொம்பு சொம்பாகக் குடித்தாள்.

அம்மாவுக்கு அம்மாச்சி போட்ட சாப்பாட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பால்சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, கருவாடு. பூண்டு வாசம் பாலிலும் வரும். எனக்குப் பிடித்தது.

இன்னொரு சின்ன விஷயம், மல்லிகைப்பூ. தலையில் வைத்துக்கொள்ளலாம். மார்பில் கட்டக் கூடாது. பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க, பால் வற்றுவதற்குத்தான் அந்தக் காலத்தில் மல்லிகையை மார்போடு வைத்துக் கட்டுவார்கள். மதுரையில் பிறந்துவிட்டு இதை அறியாமல் இருக்கக் கூடாது.

எங்களை எல்லாம் அடையாளம் தெரியுதா?

இப்போது தெரிகிறது. பிறந்த புதிதில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றேகால் சாண் தூரம். பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்கிற தூரம் அது. அதைத் தாண்டி எல்லாம் கலங்கல். வாசலில் நின்றுகொண்டு "என்னைப் பார்க்கவே மாட்டேங்குது" என்று கோபித்துக்கொண்டு போன சின்னப் பாட்டி தயவுசெய்து இதைப் படிக்கவும்.

செல்லூருக்கு வந்த கையோடு மீனாட்சி கோயிலுக்குத் தூக்கிப் போனார்கள். தெற்குக் கோபுரத்தைக் காட்டி "பாரு பாரு" என்றார் அப்பா. 160 அடிக்கு மேலே இருக்கும் கோபுரம். நான் பார்த்தது அம்மா ஜடையில் தொங்கிய மல்லிகைச் சரத்தை. அப்போது எனக்குக் கண்ணைவிட மூக்கின் மேல்தான் நம்பிக்கை. பூவும் பாலும் வேர்வையும் கலந்த அந்த வாசம்தான் அம்மா. அப்பா என்றால் ஷேவிங் சோப்பு.

யார் குளிப்பாட்டுறது?

இப்போது அம்மா. அந்த மூன்று மாதம் அம்மாச்சி. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை.

கிணற்றடியில் பலகை போட்டு உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிக்கொண்டு, இரண்டு காலையும் நீட்டுவாள். கால் இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளம்தான் என் தொட்டி. முதலில் தேங்காய் எண்ணெய், உச்சியிலிருந்து பாதம் வரைக்கும். அம்மாச்சி நாற்று நட்டவள். கட்டைவிரல் தோல் மரப்பட்டை மாதிரி இருக்கும். அந்த விரல் என் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் ஏறி இறங்கும்போது நான் அழுகையை மறந்துவிடுவேன். வெந்நீரை முழங்கையில் ஊற்றிச் சூடு பார்ப்பாள். தலைக்கு ஊற்றும்போது இடது கையைப் புருவத்துக்கு மேல் கூரை மாதிரி வைத்துக்கொள்வாள். ஒரு சொட்டு கண்ணில் விழாது. அப்புறம் பாசிப்பயற்று மாவு, அப்புறம் மூக்கை இரண்டு விரலால் நீவி, தாடையை நீவி, "எங்க அப்பா மூக்கு வரட்டும்" என்பாள். அவர் மூக்கை நான் போட்டோவில் பார்த்திருக்கிறேன். வராமல் இருப்பதே நல்லது.

சட்டப்படி இதெல்லாம் வெளியே. எண்ணெயைக் காதிலும் மூக்கிலும் விட வந்தபோதுதான் அம்மாவோடு தகராறு. வாயை வைத்து மூக்கில் ஊதிச் சளி எடுப்பதும் அப்படியே. எண்ணெய் மூச்சோடு நுரையீரலுக்குப் போனால் நிமோனியா, காதில் விட்டால் பூஞ்சை. அம்மாச்சி "உன்னை இப்படித்தான் வளர்த்தேன்" என்றாள். அம்மா பதிலே சொல்லாமல் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். அன்றைக்கு இரண்டு பேரும் சாயங்காலம் வரை பேசவில்லை. என்னை மட்டும் மாற்றி மாற்றித் தூக்கினார்கள்.

சாம்பிராணி ஒரு வழக்கு. பார்த்தால் வெளியே போடுவது போல இருக்கும், போவது உள்ளே. இப்போது துணிமணிக்குப் போட்டுவிட்டு, புகை அடங்கினதும் என்னைக் கொண்டு வருகிறார்கள். கொசுவத்திச் சுருளுக்கும் இதே தீர்ப்பு. கொசுவலை போதும்.

வசம்பு கட்டலையா? கண்மை வைக்கலையா?

பேர் சொல்லாதது என்று வீட்டில் சொல்லும் வசம்பைத்தானே கேட்கிறீர்கள். கையில் கட்டியிருந்தார்கள், ஒரு மணி கறுப்பு, ஒரு மணி வசம்பு. வாயில் வைக்கத் தொடங்கியதும் அவிழ்த்துவிட்டார்கள். உரைத்து நாக்கில் தடவுவது வேண்டாம், வாந்தியும் வலிப்பும் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த பிள்ளைகள் உண்டு. மை கண்ணுக்குள் கிடையாது, பல மைகளில் ஈயம் இருக்கும். உள்ளங்காலிலும் கன்னத்து ஓரத்திலும் ஒரு பொட்டு. திருஷ்டிக்கு எங்கே வைத்தாலும் ஒன்றுதான்.

விக்கலுக்கு நெற்றியில் நூல் ஒட்டுகிறார்களே என்று ஒருவர் கேட்டார். ஒட்டுங்கள். நூலும் சும்மா இருக்கும், விக்கலும் அது பாட்டுக்குப் போகும்.

தொட்டிலில் தூங்குதா, பாயில் தூங்குதா?

பகலில் தொட்டில், இராத்திரி பாய். தொட்டில் என்றால் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை, உத்தரத்துக் கொக்கியில் கட்டியது. மெரூன் நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள். துணியைப் பிடித்துச் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் முக்கினால், முடிச்சுக்குள் சாயம் ஏறாமல் இந்தப் புள்ளி விழும். மதுரைச் சௌராஷ்டிரர்களின் கைவேலை. உள்ளே படுத்தால் காலை வெயில் அந்தப் புள்ளி வழியாக மட்டும் உள்ளே வரும், தொட்டில் ஆடும்போது புள்ளிகளும் ஆடும். எண்ணிக்கொண்டே தூங்கிவிடுவேன் என்று எழுத ஆசைதான். எனக்கு எண்ணத் தெரியாது.

தாலாட்டு அப்பத்தா பாடுவாள். நான் அழுததற்குக் காரணம் மாமாவா, அத்தையா, சித்தியா என்று வரிசையாகச் சந்தேகப்படுவாள். தன்னை மட்டும் சேர்க்கமாட்டாள்.

தொட்டிலில் ஒரு குறை உண்டு. துணி குழிந்து, சின்னப் பிள்ளைக்குத் தாடை நெஞ்சில் போய் முட்டும், மூச்சு அடைபடும். அதனால் யாராவது பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் தொட்டில். இராத்திரி சமமான விரிப்பில், மல்லாக்க, தலையணை இல்லாமல். நான் உட்கார்ந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்த அன்றைக்கே அப்பா சேலையை நீட்டித் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறக்கிக் கட்டிவிட்டார்.

சத்தம் எனக்குப் பிரச்சினை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தறி. பகல் முழுக்க ஓடும். விருந்தாளிகள் "பாவம், இந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குது" என்கிறார்கள். தறி ஓடும்வரை தூங்குவேன். நின்றால்தான் எழுவேன்.

ஊசி எல்லாம் போட்டாச்சா?

போட்டாச்சு. பிறந்த அன்றைக்கு ஒரு கணக்கு, ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் மூன்று கணக்கு, போன வாரம் ஒன்பதாம் மாத அம்மை ஊசியும் வைட்டமின் ஏ சொட்டும். புதன்கிழமை என்றாலே ஊசிக்கிழமை. இடது தோளில் பிறந்தபோது போட்ட காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு இருக்கிறது. வலிக்குமா என்று கேட்கிறீர்கள். வலிக்கும். இது உள்ளே போகிற விஷயம்தான், ஆனால் நர்சம்மாவே போடுவது, அதனால் சட்ட மீறல் இல்லை. அப்பாதான் ஒவ்வொரு தடவையும் வெளியே போய் நின்றுகொள்வார்.

அம்மாவுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் வரும் 18,000 ரூபாயில் ரொக்கம் 14,000, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். ரொக்கத்தில் ஒரு பங்கு என் ஊசிக் கணக்கைப் பார்த்துத்தான் வருகிறது. ஆக இந்த வீட்டில் முதலில் சம்பாதித்த பெண் பிள்ளை நான்தான் என்று அப்பத்தாவிடம் சொல்லி வையுங்கள்.

என்ன சாப்பிடுது?

ஆறு மாதம் முடிந்ததும் ஆரம்பம். மசித்த பருப்புச் சாதம், நெய் ஒரு சொட்டு. கேழ்வரகை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து காய்ச்சிய கூழ். வாழைப்பழம். அங்கன்வாடிச் சத்துமாவு. உப்பும் சீனியும் ஒரு வயதுக்கு அப்புறம். இப்போது இட்லியைப் பிட்டுக் கையில் கொடுத்தால் பாதி வாய்க்கும் பாதி காதுக்கும் போகிறது. மதுரையில் பிறந்தவள் இட்லியைக் கையால்தான் சாப்பிட வேண்டும், ஊட்டிவிடக் கூடாது. முதல் பல் எட்டாம் மாதம் முளைத்தது, பல் கொழுக்கட்டை சுட்டார்கள். சாப்பிட்டது அவர்கள்.

இனி பாக்குக் கதை. எப்படியும் யாராவது சொல்லிவிடுவார்கள், நானே சொல்கிறேன். தாத்தா திண்ணையில் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கொட்டைப்பாக்குத் துண்டு ஒன்று தரையில் விழுந்து உருண்டது. நான் தவழ்ந்து போனேன், எடுத்தேன், வாயில் போட்டேன். எனக்கு எல்லாப் பொருளையும் வாயால்தான் தெரிந்துகொள்ள முடியும். அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டாள். கத்தவில்லை. ஓடி வந்து என் தாடையை மெதுவாக அழுத்தினாள், வாய் திறந்தது, கன்னத்தோரம் பாக்கு தெரிந்தது, சுண்டு விரலால் வெளியே தட்டிவிட்டாள். அப்புறம்தான் அழுதாள். தாத்தா மூன்று நாள் வெற்றிலையே போடவில்லை. நாலாம் நாள் பெட்டி பரணுக்குப் போனது.

கண்ணுக்குத் தெரியாத பொருளை வாய்க்குள் விரலை விட்டுத் தேடக் கூடாது, இன்னும் உள்ளே தள்ளிவிடும். தொண்டையில் அடைத்து, அழ முடியாமல், சத்தம் வராமல் தவித்தால் என்னைக் கவிழ்த்து, தலை தாழ்வாக இருக்கும்படி முன்கையில் படுக்க வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து தட்டு. வரவில்லை என்றால் மல்லாக்கத் திருப்பி நெஞ்சு நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அழுத்து. பொருள் வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருங்கள், இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். வேர்க்கடலை, பட்டாணி, பொரிகடலை எல்லாம் பாக்குக்குச் சொந்தக்காரர்கள்தான்.

தவழுதா? நிக்குதா? வாக்கர் வாங்கிட்டு வரட்டுமா?

வாங்கிவிடாதீர்கள். சக்கரம் வைத்த வாக்கர் என்னை நடக்கவைக்காது, படிக்கட்டுக்கும் அடுப்புக்கும் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். நின்று பழகிய பிறகு மரத்து நடைவண்டி தள்ளிக்கொள்கிறேன். மீனாட்சி கோயில் பக்கம் மரச்சாமான் தேடிக்கொண்டு அலைய ஒரு காரணம் ஆயிற்று என்று அப்பாவும் காத்திருக்கிறார்.

பிள்ளை வளர்ச்சிக்கு எல்லோரும் இங்கிலீஷ் அட்டவணையைப் பார்க்கிறார்கள். மீனாட்சியையே குழந்தையாக்கி, மாதக் கணக்கில் பருவம் பிரித்துப் பிள்ளைத்தமிழ் பாடிய ஊர் இது. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தலையைத் தூக்கி ஆடுவது செங்கீரை, ஐந்தாம் மாதத்துக்கு. கை கொட்டுவது சப்பாணி, ஒன்பதாம் மாதத்துக்கு. டாக்டரம்மா கேட்கிற கேள்வியும் கிட்டத்தட்ட அதேதான்: கையூன்றித் தலை தூக்குகிறாளா, கை தட்டுகிறாளா. நான் செங்கீரை ஆடியபோது அப்பா வீடியோ எடுத்தார். சப்பாணி கொட்டுவது போன வாரம் வந்தது, ஆனால் யாராவது கொட்டச் சொன்னால் கொட்டமாட்டேன்.

ஏன் எங்ககிட்ட வரமாட்டேங்குது?

எட்டு, ஒன்பது மாதத்தில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவது. அம்மா வேறு, மற்றவர்கள் வேறு என்று இப்போதுதான் புரிந்திருக்கிறது. ஆறாம் மாதம் யாரிடமும் தாவியவள்தான் நான். முதலில் உட்காருங்கள், காபி குடியுங்கள், என்னைக் கண்டுகொள்ளாதீர்கள். பத்து நிமிடத்தில் நானே வந்து உங்கள் கொலுசைப் பிடித்து இழுப்பேன்.

அப்பாவைப் பிடிக்குமா, அம்மாவைப் பிடிக்குமா?

அடுத்த கேள்வி.

மொட்டை, காதுகுத்து எப்போ?

ஒற்றைப்படை மாதம் பார்த்து, பதினோராம் மாதம், அழகர்கோயிலில். அம்மாச்சி வீட்டு வகையில் பதினெட்டாம்படிக் கருப்புக்குப் பொங்கலும் உண்டு. மாமா மடியில் உட்காரவைத்து மொட்டை, அவர் மடியிலேயே காது. நான் கேட்டுக்கொள்வது இரண்டு: பிளேடு புதுசாக இருக்கட்டும், ஊசியைச் சுடுதண்ணியில் கொதிக்க வையுங்கள். மூன்று தவணைத் தடுப்பூசி முடிந்திருப்பதால் ரண ஜன்னி (டெட்டனஸ்) பயம் குறைவு.

மற்ற ஏற்பாடுகள் என் கையில் இல்லை. பிளெக்ஸ் டிசைன் போய்க்கொண்டிருக்கிறது. எனக்குக் கூலிங் கிளாஸ் மாட்டி எடுத்த போட்டோ நடுவில், எனக்கு இரண்டு பக்கமும் பெரிய மாமாவும் சின்ன மாமாவும், கீழே கோபுரமும் காளையும். மாமாக்களின் படம் என் படத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று அச்சகத்துக்குச் சொல்லியாகிவிட்டது. சீர்த்தட்டு 51-ஆ 101-ஆ என்று பேச்சு நடக்கிறது. மொய் நோட்டு வாங்கியாச்சு. விழா எனக்கென்றுதான் பத்திரிகையில் அச்சடித்திருக்கிறது.

எப்ப பேசும்?

பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். "தத்தா" என்கிறேன். தாத்தா தன்னைத்தான் என்கிறார். அப்பத்தா, "அப்பத்தாங்கறதுல பாதி வந்திருச்சு" என்கிறாள். அப்பா காதுக்கு அது அப்பா மாதிரியே கேட்கிறதாம். உண்மையில் நான் சொல்வது கொக்கியில் தொங்கும் அந்தச் சேலையை. விரலையும் அந்தப் பக்கம்தான் நீட்டுகிறேன். யாரும் விரலைப் பார்ப்பதில்லை, வாயைத்தான் பார்க்கிறார்கள். ஒரு வயதுக்கு முன்னும் பின்னுமாக ஒன்றிரண்டு சொல் அர்த்தத்தோடு வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதுவரை

கரண்ட் போய்விட்டது. தறி நின்றுவிட்டது. அம்மா எங்கே?